ப்ரெட்னிசொலோன எப்போ விடலாம்? மோல்மீன் அக்காவுக்கு ஒரு பதில்

கேள்வி:

டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு 68 வயசு, பர்மாவுல மோல்மீன்ல சின்னதா ஒரு மளிகைக்கடை வெச்சிருக்கோம். போன வருஷம் ரெண்டு தோளும் இடுப்பும் தொடை மேல்பக்கமும் அப்படியே பிடிச்சுக்கிச்சு, காலைல எந்திரிக்க முடியல, கைய தூக்கி கொண்டை போட முடியல. உடம்புல அழற்சி எவ்வளவுன்னு காட்டற ஈஎஸ்ஆர் ரத்த டெஸ்ட்ல 88 இருந்துச்சு. பாலிமயால்ஜியா ரூமாட்டிகான்னு சொல்லி டாக்டர் ப்ரெட்னிசொலோன்ங்கற ஸ்டீராய்டு மாத்திரை 15 மில்லிகிராம் குடுத்தாரு, மூணு நாள்ல எந்திரிச்சு நடந்துட்டேன். கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு 7.5க்கு வந்தப்போ மூஞ்சி வீங்கிப்போச்சு, சுகரும் ஏறுச்சு. ஸ்டீராய்டு விஷம்னு ஆளாளுக்கு சொன்னாங்க, பயந்து ஒரே நாள்ல நிறுத்திட்டேன். ஒரு வாரத்துல வலி திரும்பிடுச்சு, கூடவே குமட்டல், தலைசுத்தல், பாய விட்டு எந்திரிக்க முடியல. மார்க்கெட்ல வலிக்குன்னு விக்கிற பொட்டல மாத்திரை வாங்கி போட்டேன், மறுநாளே சரியாச்சு. இப்போ சில நாள் ப்ரெட்னிசொலோன் 5, வலி ஜாஸ்தியான நாள் பொட்டலம். தைப்பூசத்துக்கு பால்குடம் எடுக்கறதா வேண்டுதல் இருக்கு, அதுக்குள்ள எல்லா மாத்திரையும் விட்டுடணும். 1 மில்லிகிராம் மாத்திரை இங்க கிடைக்கல. வலி வந்தா அது வியாதியா, மாத்திரை குறைச்சதாலயான்னு எப்படி தெரிஞ்சுக்கறது? மெட்ராஸ்ல இருக்கற தம்பி ஒரு சூரணம் அனுப்பறேங்கறான், அத சாப்பிட்டுட்டு இத விட்டுடலாமா?

பதில்:

அக்கா, வணக்கம். உங்க கடிதத்த படிச்சப்போ எனக்கு பயம் வந்த இடம் அந்த பொட்டலம்தான். அத பத்தி முதல்ல பேசிடறேன், ஏன்னா அது உள்ள போற வரைக்கும் நான் ப்ரெட்னிசொலோனுக்கு என்ன கணக்கு சொன்னாலும் அந்த கணக்கு நிக்காது.

நம்ம ஊர் மார்க்கெட்லயும் வெத்தலைக்கடைலயும் இடுப்பு வலி கால் வலிக்குன்னு சின்ன பிளாஸ்டிக் பைல நாலஞ்சு கலர் மாத்திரைய போட்டு கட்டி விக்கறாங்க, அதுல பேரும் இருக்காது அளவும் இருக்காது. இந்த மாதிரி பொட்டலங்கள்ல அடிக்கடி இருக்கறது டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு, அதோட டைக்ளோஃபெனாக் மாதிரி ஒரு வலி மாத்திரை, பாராசிட்டமால், சில நேரம் தூக்கம் வர்ற ஒரு சளி மாத்திரை. உங்களுக்கு ஒரே நாள்ல வலி பறந்துச்சுன்னா உள்ள ஸ்டீராய்டு இருந்துருக்கும்னுதான் நான் எடுத்துக்கறேன். அக்கா, இத கொஞ்சம் பொறுமையா பாருங்க: டெக்ஸாமெத்தசோன் 0.75 மில்லிகிராம்ங்கறது ப்ரெட்னிசொலோன் 5 மில்லிகிராமுக்கு சமம். அரை மில்லிகிராம் மாத்திரை ரெண்டு அந்த பொட்டலத்துல இருந்தா அதுவே ஆறரை மில்லிகிராம் ப்ரெட்னிசொலோன் மாதிரி, ஒரு நாளைக்கு மூணு பொட்டலம் போட்டா 20, அதாவது வியாதி ஆரம்பிச்சப்போ டாக்டர் குடுத்தத விட ஜாஸ்தி. அதோட டெக்ஸாமெத்தசோன் உடம்புல ஒன்றரை நாள், ரெண்டு நாள்னு தங்கி நிக்கும், ப்ரெட்னிசொலோன் அவ்வளவு நேரம் நிக்காது. அப்போ ஸ்டீராய்டுக்கு பயந்து ப்ரெட்னிசொலோன நிறுத்துன நீங்க, அத விட பலமான ஸ்டீராய்ட பேர் தெரியாம அளவு தெரியாம சாப்பிட்டுட்டு இருக்கீங்க. உங்க மேல எனக்கு கோவம் இல்ல அக்கா, எந்திரிக்க முடியாம படுத்துருக்கறவங்களுக்கு நூறடில வலி தீர்ற வழி இருந்தா யாரா இருந்தாலும் அங்கதான் போவாங்க. விக்கறவங்க மேலதான் கோவம்.

அதுக்காக பொட்டலத்த இன்னிக்கே தூக்கி எறிஞ்சுட்டு சும்மா இருந்துடாதீங்க, அப்படி பண்ணா போன தடவ நடந்தது இன்னும் மோசமா நடக்கும். அதுக்கு பதிலா தெரிஞ்ச அளவு ப்ரெட்னிசொலோன் தினமும் தவறாம உள்ள போகணும், அப்புறம்தான் பொட்டலத்த விடணும்.

போன தடவ என்னதான் நடந்துச்சுன்னு சொல்றேன். நம்ம ரெண்டு சிறுநீரகத்துக்கும் மேல தொப்பி மாதிரி உக்காந்துருக்கற அட்ரீனல் சுரப்பி தினமும் கார்ட்டிசால்னு ஒரு ஹார்மோன சுரக்கும். காலைல எந்திரிக்க தெம்பு, பிரஷர், சுகர், காய்ச்சல் வந்தா தாங்கற சக்தி எல்லாம் அதுலதான் இருக்கு. ஒரு நாளைக்கு அது சுரக்கற அளவு ப்ரெட்னிசொலோன் கணக்குல ஏறக்குறைய 5 மில்லிகிராம். ஒரு மாசத்துக்கு மேல வெளில இருந்து அத விட ஜாஸ்தியா மாத்திரை போனா சுரப்பி வேலைய விட்டுடும். தினமும் எதிர் வீட்ல இருந்து சமைச்ச சோறு வந்துட்டு இருந்தா நம்ம வீட்டு அடுப்ப யாரு பத்த வெப்பா, விறகும் இருக்காது, பானையும் பரண்ல போயிடும், ஒரு நாள் எதிர் வீட்டு சோறு திடீர்னு நின்னா அன்னிக்கு பட்டினிதான், அதே மாதிரிதான் இது. உங்களுக்கு வந்த குமட்டல், தலைசுத்தல், எந்திரிக்க முடியாத அசதி எல்லாம் அந்த பட்டினி. தோள் வலியும் இடுப்பு பிடிப்பும் வியாதி திரும்பினது. ரெண்டும் ஒரே வாரத்துல வந்ததால உங்களுக்கு ஒண்ணா தெரிஞ்சுருக்கு.

ஸ்டீராய்டு விஷம்னு சொல்றவங்களுக்கும் ஒரு வார்த்தை. 1948ல அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல பிலிப் ஹென்ச்னு ஒரு டாக்டர் மூட்டுவாதத்துல முடங்கி கிடந்த ஒரு பொண்ணுக்கு முதல் தடவையா கார்ட்டிசோன் ஊசி போட்டாரு, சில நாள்ல அந்த பொண்ணு எந்திரிச்சு நடந்துச்சு, 1950ல அவருக்கும் கூட வேலை செஞ்ச கெண்டாலுக்கும் ஸ்விட்சர்லாந்து ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு குடுத்தாங்க. அதே வருஷங்கள்லயே முகம் வீங்கறது, எலும்பு பலம் போறது, சுகர் ஏறறது எல்லாம் தெரிஞ்சும் போச்சு. ரெண்டுமே உண்மைக்கா. உங்க வியாதிக்கு இன்னிக்கு வரைக்கும் முதல் மருந்து இதுதான், 15ல ஆரம்பிச்ச உங்க டாக்டர் சரியாதான் ஆரம்பிச்சுருக்காரு. இந்த வியாதிக்கு 2015ல ஐரோப்பா அமெரிக்கா மூட்டு டாக்டர்கள் சேர்ந்து எழுதுன வழிமுறைலயும் 12.5ல இருந்து 25 வரைக்கும்னுதான் இருக்கு, ஒண்ணு ரெண்டு மாசத்துல 10க்கு கொண்டு வரணும், அதுக்கப்புறம் மாசத்துக்கு 1 மில்லிகிராம் வீதம் குறைக்கணும், 1 கிடைக்கலன்னா 1.25. நடுவுல வியாதி திரும்பினா எந்த அளவுல நல்லா இருந்தீங்களோ அங்க திரும்ப போய் நிக்கணும்.

உங்களுக்கு அது 7.5. ஆனா இப்போ பொட்டலமும் கலந்துருக்கறதால உங்க டாக்டர் 10ல இருந்து ஆரம்பிக்கலாம்னு சொல்லலாம், எனக்கும் அதுதான் சரின்னு படுது, ஆனா உங்கள நேர்ல பாத்து ஈஎஸ்ஆரும், அதே மாதிரி அழற்சிய காட்டற இன்னொரு ரத்த டெஸ்ட் சிஆர்பியும் எடுத்து பாக்கறவங்கதான் அத முடிவு பண்ணணும். எந்த அளவுன்னு முடிவாச்சோ அத நாலு வாரம் அப்படியே சாப்பிடுங்க, நல்லா இருக்கற நாள் குறைக்கறது, வலிக்கிற நாள் கூட்டறதுங்கறது வேண்டாம். சில நாள் 5, சில நாள் பொட்டலம்னு ஏறி இறங்கினா சுரப்பியும் எந்திரிக்காது, வியாதியும் அடங்காது.

1 மில்லிகிராம் மாத்திரை இல்லன்னு கவலைப்படாதீங்க, 5 மில்லிகிராம் மாத்திரையே போதும். பாதி 2.5, பாதியில பாதி 1.25, நமக்கு வேண்டிய படி அதுதான். 10ல நாலு வாரம் இருந்துட்டு 8.75, அதாவது ஒரு முழு மாத்திரை, ஒரு பாதி, ஒரு கால். அப்புறம் 7.5, அப்புறம் 6.25, அப்புறம் 5. ஒவ்வொண்ணுலயும் நாலு வாரம், வலி இல்லன்னா மட்டும் அடுத்தது. கால் துண்டு கத்தில வெட்டினா நொறுங்கும், மருந்துக்கடைல மாத்திரை வெட்டற சின்ன டப்பா விக்கறாங்க, இல்லன்னா புது பிளேடு வெச்சு நடுக்கோட்டுல வெச்சு ஒரே அழுத்தா அழுத்துங்க. ஒரு வாரத்துக்கு மட்டும் வெட்டி வைங்க, மோல்மீன் மழைல வெட்டின துண்டு ஈரம் இழுத்து மாவா போயிடும், இறுக்கமா மூடி போட்ட பாட்டில்ல வைங்க. கால் துண்டு சரியாவே வரலன்னா இன்னொரு வழி இருக்கு, ஒரு நாள் 5 மறுநாள் 2.5ன்னு மாத்தி மாத்தி சாப்பிட்டா சராசரி 3.75 வந்துடும். வழவழன்னு மேல் பூச்சு போட்ட ப்ரெட்னிசொலோனும் விக்கறாங்க, அத மட்டும் வெட்டக்கூடாது, பூச்சு இல்லாத வெள்ளை மாத்திரையா கேட்டு வாங்குங்க. காலைல சாப்பாட்டோட ஒரே வேளையா போடுங்க, ராத்திரி போட்டா தூக்கமும் போகும், விடியகாலைல சுரக்க வேண்டிய சுரப்பியையும் அது அடக்கி வெச்சுடும்.

5க்கு கீழ வந்ததும்தான் அவசரப்படக்கூடாத இடம். 15ல இருந்து 10க்கு குறைக்கறது உடம்புக்கு பெருசா தெரியாது, 5ல இருந்து 2.5க்கு வர்றது அப்படியில்ல, அது சுரப்பி தானா சுரக்கணும்னு நாம கேக்கற நேரம். அங்க ஒவ்வொரு படிக்கும் ஆறு வாரம், எட்டு வாரம் கூட எடுத்துக்கலாம். ரங்கூன்ல பெரிய லேப்கள்ல காலை கார்ட்டிசால் டெஸ்ட் பண்ணலாம், காலை எட்டு ஒன்பது மணிக்குள்ள, அன்னிக்கு மாத்திரை போடறதுக்கு முன்னாடி ரத்தம் குடுக்கணும், முந்தின நாள் மாத்திரைக்கு 24 மணி நேரம் ஆகியிருக்கணும். ஒரு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல வந்தா சுரப்பி எந்திரிச்சுடுச்சு, 5க்கு கீழ இருந்தா இன்னும் இல்ல, அதே அளவுல இருந்துட்டு சில மாசம் கழிச்சு திரும்ப பாக்கணும். எல்லாருக்கும் இந்த டெஸ்ட் தேவையில்ல, ஒரு தடவ விழுந்து எந்திரிச்ச உங்களுக்கு பண்றது நல்லது.

இப்போ உங்க முக்கியமான கேள்வி, எந்த வலி எதனாலங்கறது. கடை கணக்கு எழுதற மாதிரி ஒரு சின்ன நோட்டு போடுங்க. காலைல கண்ணு முழிச்ச நேரம், ரெண்டு கையையும் பின்னாடி தூக்கி கொண்டை போட முடிஞ்ச நேரம், இந்த ரெண்ட மட்டும் தினமும் எழுதுங்க, பக்கத்துல அன்னிக்கு போட்ட மாத்திரை அளவு. ஆறு மணிக்கு முழிச்சு ஆறேகாலுக்கு கொண்டை போட முடிஞ்சா ஒண்ணும் இல்ல. அது ஆறரை, ஏழு, ஏழரைன்னு நாளுக்கு நாள் தள்ளிப்போனா, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடிச்சா, ராத்திரி படுக்கைல திரும்பிப் படுக்க கஷ்டமா இருந்தா, மத்தியானத்துக்கு மேல தேவலன்னு ஆனா, அது வியாதி. முக்கால் மணி நேரத்துக்கு மேல இறுக்கம் நிக்கறதுதான் இந்த வியாதியோட அடையாளம், அப்போ சிஆர்பி எடுத்து பாக்கணும். மாத்திரை குறைச்ச ரெண்டு மூணு நாள்ல உடம்பெல்லாம் அடிச்சு போட்ட மாதிரி, கை கால் மூட்டு எல்லாத்துலயும் பொதுவா வலி, எரிச்சல், அழுகை வர்ற மாதிரி மனசு, சிஆர்பி நார்மல், ஒரு வாரம் பத்து நாள்ல தானா தணியுதுன்னா அது குறைச்சதால வர்ற வலி, பாராசிட்டமால் போட்டுட்டு பல்ல கடிச்சு தாண்டிடலாம். பசியே இல்ல, குமட்டுது, எந்திரிச்சு நின்னா கண்ணு இருட்டுது, உடம்பு இளைக்குது, சாயங்காலம் ஆனாலும் தெம்பு வரலன்னா அது சுரப்பி பத்தலன்னு சொல்றது, அத தாண்ட முயற்சி பண்ணாதீங்க, முந்தின அளவுக்கு திரும்பிட்டு டாக்டர பாருங்க. நாலாவதா ஒண்ணு இருக்கு, வலியே இல்லாம தொடைல பலம் மட்டும் இல்ல, குந்தி உக்காந்தா கைய ஊணாம எந்திரிக்க முடியலன்னா அது ஸ்டீராய்டால தசை இளைச்சது, அதுக்கு மாத்திரைய கூட்டினா இன்னும் மோசமாகும். 68 வயசுல முழங்கால் தேய்மானமும் ஒரு பக்க தோள் இறுக்கமும் எல்லாருக்கும் வர்றதுதான், அதுக்கெல்லாம் ப்ரெட்னிசொலோன் கூட்டக்கூடாது.

இன்னொரு விஷயம், இத உங்க வீட்ல எல்லாருக்கும் படிச்சு காட்டுங்க. இந்த வியாதி இருக்கறவங்கள்ல சிலருக்கு நெத்திப்பொட்டு பக்கத்து ரத்தக்குழாய் வீங்கற இன்னொரு வியாதி சேர்ந்து வரும், ஜெயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ்னு பேரு. புதுசா ஒரு தலைவலி, தலை சீவும்போது சீப்பு பட்டாலே உச்சந்தலை வலிக்கறது, வெத்தலை மெல்ல ஆரம்பிச்சா தாடை வலிச்சு நிறுத்த வேண்டியிருக்கு, நிறுத்தினா சரியாகுது, திரும்ப மென்னா திரும்ப வலி, ஒரு கண்ணுல திரை விழுந்த மாதிரி மங்கறது, பொருள் ரெண்டா தெரியறது. இதுல எது வந்தாலும் அன்னிக்கே ஆஸ்பத்திரி, நாளைக்கு பஸ்ஸுக்கு போகலாம்னு வைக்கக்கூடாது, போன பார்வை பெரும்பாலும் திரும்பி வராது. அதுக்கு டோஸ் 40, 60ன்னு வேற கணக்கு.

காய்ச்சல் பத்தி. சுரப்பி தூங்கிட்டு இருக்கற வரைக்கும் உடம்புக்கு முடியாத நாள்ல அது ஜாஸ்தியா சுரக்காது, நாமதான் ஜாஸ்தி குடுக்கணும். 38 டிகிரிக்கு மேல காய்ச்சல் அடிச்சா, நீங்க 10க்கு கீழ இருந்தா, காய்ச்சல் விடற வரைக்கும் காலைல 5 சாயங்காலம் 5ன்னு போட்டுட்டு, விட்டதும் பழைய அளவுக்கு வந்துடுங்க, ரெண்டு நாள்ல விடலன்னா டாக்டர் கிட்ட போங்க. மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்தா இன்னொரு தடவ போடுங்க, அதுவும் வெளில வந்தா வீட்ல இருக்காதீங்க, ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி வேணும். ஒரு காயிதத்துல பர்மீஸ்ல, இந்தம்மா ப்ரெட்னிசொலோன் சாப்பிடறாங்க, திடீர்னு நிறுத்தக்கூடாதுன்னு பெருசா எழுதி பர்ஸ்ல வைங்க, பல் பிடுங்க போனாலும் ஆபரேஷன்னாலும் முதல்ல அத காட்டுங்க. மருந்து வர்ற பாதை சரியில்லாத காலம் இது, கையில எப்பவும் ஒரு மாசத்து மாத்திரை இருக்கணும், கடைசி அட்டை பிரிச்சதும் வாங்கிடுங்க. மழைக்காலத்து காய்ச்சலுக்கு அந்த பொட்டலத்த மறந்தும் போடாதீங்க, டெங்குவா இருந்தா அதுல இருக்கற டைக்ளோஃபெனாக்கால ரத்தக்கசிவு வரலாம். சும்மாவே ஸ்டீராய்டும் டைக்ளோஃபெனாக்கும் சேர்ந்தா வயித்துல புண்ணு, கறுப்பா தார் மாதிரி வெளிக்கு போனா உடனே ஆஸ்பத்திரிதான்.

சுகர் ஏறுச்சுன்னு எழுதியிருக்கீங்க, எப்போ பாத்தீங்கன்னு எழுதல. காலைல ப்ரெட்னிசொலோன் போட்டா சுகர் மத்தியானம் சாயங்காலம்தான் ஏறும், வெறும் வயித்துல பாத்தா நல்லாவே இருக்கும், அத நம்பி பலபேர் ஏமாந்துடறாங்க. மத்தியானம் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு பாருங்க. டீக்கடை டீல போடற கெட்டிப்பால் சர்க்கரை, அத ஒரு வேளைக்கு மேல வேண்டாம், சாதத்த குறைச்சு காயும் மீனும் கூட்டுங்க, ஙப்பி மீன் விழுதும் கருவாடும் உப்பு, பிரஷர் ஏறும், கால் வீங்கும். மொஹிங்கா சாப்பிடலாம், பொரிச்சது மேல மேல போட்டுக்காம. முக வீக்கம் 5க்கு கீழ போகப் போக வடிஞ்சுடும், அதுக்காக மட்டும் அவசரப்படாதீங்க.

எலும்புதான் சத்தம் போடாம போறது. முள்ளோட சாப்பிடற சின்ன மீன், எள்ளு, முருங்கைக்கீரை, காலை வெயில், அதோட கால்சியம் வைட்டமின் டி மாத்திரை. உங்க வயசுக்கு அலென்ட்ரோனேட்னு வாரம் ஒரு தடவ போடற 70 மில்லிகிராம் மாத்திரை தேவைப்படலாம், டாக்டர் கிட்ட கேளுங்க, குடுத்தா வெறும் வயித்துல ஒரு பெரிய தம்ளர் தண்ணியோட போட்டுட்டு அரை மணி நேரம் படுக்காம இருக்கணும், இல்லன்னா தொண்டைக்குழாய் புண்ணாகும். சாயங்காலம் ஸ்ட்ராண்ட் ரோட்ல ஆத்தங்கரையோரமா அரை மணி நேரம் நடங்க, கியாய்க்தன்லான் பகோடா படி இப்போதைக்கு வேண்டாம், தொடை பலம் வந்தப்புறம் பாக்கலாம்.

நம்ம நாட்டுக்குன்னு மூணு டெஸ்ட் இருக்கு, ரொம்ப நாள் ஸ்டீராய்டு சாப்பிடறவங்களுக்கு இத பண்ணாம விடக்கூடாது. டிபி நம்ம நாட்ல ஜாஸ்தி, பழைய டிபி ஸ்டீராய்டால முழிச்சுக்கும், அதனால நெஞ்சு எக்ஸ்ரே ஒண்ணு, ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் நின்னா சளி டெஸ்ட். ஹெபடைட்டிஸ் பி ரத்தத்துல பாக்கணும், அதுவும் அடங்கி கிடந்து எந்திரிக்கற ஆளு. மூணாவது நூல் மாதிரி ஒரு புழு, ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ்னு பேரு, வயல்லயும் தோட்டத்துலயும் வெறுங்காலோட நடக்கறவங்களுக்கு பாதத்து தோல் வழியா உள்ள போய் பல வருஷம் குடல்ல இருக்கும், ஸ்டீராய்டுல அது உடம்பு பூரா பரவி ஆளையே கொண்டு போயிடும். சின்ன வயசுல ரப்பர் தோட்டம், வயல்னு இருந்திருந்தா டாக்டர் கிட்ட சொல்லுங்க, ஐவர்மெக்டின் மாத்திரைல போயிடற விஷயம். ஒரு பக்கமா நெருப்பு வெச்ச மாதிரி எரிஞ்சு கொப்புளம் வந்தா அது அக்கி, மூணு நாளைக்குள்ள மருந்து ஆரம்பிச்சாதான் பலன் நல்லா இருக்கும்.

தம்பி அனுப்பற சூரணம் வேண்டாம்க்கா. அன்பாதான் அனுப்பறாரு, ஆனா வலிக்குன்னு விக்கற பேர் தெரியாத பொடிகள்ல ஸ்டீராய்டு கலந்து பிடிபட்டது இந்தியாவுலயே இருக்கு, ஒரு பொட்டலத்துல இருந்து இன்னொரு பொட்டலத்துக்கு போற மாதிரிதான் ஆகும். அதிமதுரம் சேர்ந்த கஷாயமும் இப்போதைக்கு வேண்டாம், அது ப்ரெட்னிசொலோனோட வேகத்த கூட்டி பிரஷர ஏத்தி பொட்டாசியத்த இறக்கும். ரசம், மஞ்சள், சுக்கு எல்லாம் வழக்கம் போல. குறைக்க குறைக்க வியாதி திரும்ப திரும்ப வந்தா மெத்தோட்ரெக்ஸேட்னு வாரம் ஒரு தடவ மட்டும் போடற மாத்திரை இருக்கு, தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து, அதனால மூட்டு டாக்டர் பார்வைலதான் ஆரம்பிக்கணும். 2023ல அமெரிக்காவுல சாரிலுமாப்ங்கற ஊசிக்கும் இந்த வியாதிக்குன்னே அனுமதி குடுத்துருக்காங்க, விலை நமக்கு எட்டாதது.

தைப்பூசத்துக்குள்ள விட முடியாதுக்கா. நான் மேல சொன்ன கணக்கு போட்டு பாருங்க, 10ல இருந்து 5க்கு வரவே நாலு அஞ்சு மாசம், அங்க இருந்து விடறதுக்கு இன்னும் ஆறேழு மாசம், நடுவுல ஒரு தடவ தடுக்குனா இன்னும் கூட. இந்த வியாதிக்கு ஒரு வருஷம் ரெண்டு வருஷம் மருந்துங்கறது சாதாரணம், உங்க தப்பு எதுவும் அதுல இல்ல. ஆனா மாத்திரைய விட்டாதான் பால்குடம்னு உங்களுக்கு யார் சொன்னா? மாத்திரை சாப்பிட்டுட்டு வர்றவங்கள முருகன் திருப்பி அனுப்பறதில்ல. ஒரு வேளை விரதம்னாலும் காலைல பாலும் பழமும் எடுத்துட்டு மாத்திரைய போடுங்க, சுகருக்கும் மாத்திரை போடறதா இருந்தா விரத நாளுக்கு அளவ டாக்டர் கிட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க. வெயில் ஏறறதுக்கு முன்னாடி நடங்க, தண்ணி குடிங்க, குடத்த சின்னதா எடுங்க. தலைக்கு மேல கைய தூக்கி குடத்த பிடிக்கறது உங்க தோளுக்குதான் கஷ்டம், மருமகளோ மகளோ பக்கத்துலயே நடந்து கொஞ்ச தூரம் மாத்திக்கட்டும். தீமிதி மட்டும் வேண்டாம், சுகரும் ஸ்டீராய்டும் இருக்கற கால்ல கொப்புளம் ஆறாது.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒண்ணுதான். வீட்ல மிச்சம் இருக்கற பொட்டலத்த பிரிக்காம அப்படியே எடுத்துட்டு, ப்ரெட்னிசொலோன் அட்டையையும் எடுத்துட்டு, முதல்ல மருந்து குடுத்த அதே டாக்டர் கிட்ட போங்க. நிறுத்துனத மறைக்காதீங்க, பொட்டலத்தையும் மறைக்காதீங்க, கடந்த ஒரு மாசத்துல எத்தன பொட்டலம் போட்டுருப்பீங்கன்னு குத்துமதிப்பா சொல்லுங்க, அது தெரியாம அவரால ஆரம்ப அளவ முடிவு பண்ண முடியாது. ஈஎஸ்ஆர், சிஆர்பி, மத்தியான சுகர், எக்ஸ்ரே, ஹெபடைட்டிஸ் பி எல்லாத்தையும் ஒரே நாள்ல எழுதி வாங்கிக்கோங்க. அவர் சொன்ன அளவுல நாலு வாரம் ஆனதும் நோட்டு பக்கத்தையும் ரிசல்ட்டையும் அனுப்புங்க, நான் பாத்து எழுதறேன்.